செட்ரிக் இருக்கும் இடம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

தம்பி செட்ரிக் இருக்குமிடம் தெரிந்துவிட்டது, கவலை வேண்டாம். மத்திய அரசுச் சிறைகளின் இணையத்தளத்தில் அவன் பெயரைப் போட்டுத் தேடினேன். மிசிசிப்பியிலிருந்து மாற்றி, நான் தினமும் வேலைக்குப் போகும் சாலையிலுள்ள சிறையில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறை வேலியைக் காரில் பாட்டுக் கேட்டபடியே கடந்திருக்கிறேன்.

நேற்று போய்ப் பார்த்தேன்.

"பக்கத்துலதானே இருக்கே, ஏன்டா எழுதல?"

"உன் ஊர்க்காரங்கதான்க்கா இங்க காவலுக்கு இருக்காங்க. உனக்கு அவமானமாயிடும்னுதான்" என்று சிரித்தான்.

அப்படியெல்லாம் இல்லையென்று உடனே சொல்லியிருக்க வேண்டும், அம்மா. நானோ தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று வாசலைப் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள். மருத்துவமனையில் என் மேசைமேல் வைக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் லொரெட்டா