வெள்ளிக்கிழமை வரும் முட்டு

ஜனவரி 6, திங்கள்

வாடைக்காற்று. பாலத்தில் வரும்போது ஸ்கூட்டியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. சிறுவர் வார்ட்டில் பதினொரு பிள்ளைகள். ஐந்து முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. இந்தக் காற்றுக்கு இன்னும் வரும்.

செய்ய: நெபுலைசர் மாஸ்க் எல்லாம் ஊறவைத்துக் கழுவ. இவருக்குப் பிரஷர் குளிசை. சின்னவளின் சப்பாத்து தைக்கக் கொடுக்க.

புது நேர்ஸ் துவாரகா. வெள்ளாங்குளத்துப் பெட்டை. வயது இருபத்தேழு. வந்து ஒரு மாதம் சரியாக ஆகவில்லை, அதற்குள் வார்ட் முழுக்க "துவாரகா மிஸ், துவாரகா மிஸ்." எனக்கு இங்கே பதினான்கு வருடம். ஜெசிந்தா மிஸ் என்று எந்தப் பிள்ளையும் கத்தியதில்லை, ஊசி ஏற்றும்போது தவிர.

சிஸ்டர் மருந்து அலுமாரியடியில் டொக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தப் பிள்ளை வந்தாப் பிறகு வார்ட்டே ஒரு கலகலப்பு, என்ன?" அதற்கு முதல் என்ன, செத்த வீடா?

இனி அவள் பெயரை து. என்றே எழுதுவேன். முழுதாக எழுத என் பேனையில் மை இல்லை.

ஜனவரி 8, புதன்

முட்டு கிளினிக். கூட்டம். வாசலில் இரண்டு கழுதைகள் படுத்துக்கொண்டு வழி விடவில்லை.

தாராபுரத்து நுஹா வந்தாள். ஏழு வயது. நாலு வயதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். முதல் நாள் மூச்சு மருந்துப் பம்ப் பிடிக்கப் பழக்கியது நான். நீலப் பம்ப் இழுக்கும்போது, மண்ணிறப் பம்ப் காலையும் மாலையும், அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்று தாய் ஸரீனாவுக்கு நூறு தரம் சொன்னதும் நான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஸரீனா எப்போதும் வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பாள். "ஜெசிந்தா மிஸ் இருக்கிறாவோ? இல்லாட்டி பிறகு வாறம்." மற்ற நேர்ஸ்மார் பகிடி பண்ணுவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

இன்று நுஹா நேரே து.வின் மேசைக்கு ஓடிவிட்டாள்.

பம்ப்பில் பொருத்தும் ஸ்பேசர் குழாயில் து. மார்க்கரால் கண்ணும் பல்லும் கீறி வைத்திருக்கிறாள். சுறாவாம். மூச்சு எண்ணுவதற்கு ஒன்று, இரண்டு இல்லை. மூச்சுக்கு ஒரு மீன். பாரை, சீலா, விளை, சூடை, கீரி, நெத்தலி. ஆறு மீன் முடிய சுறாவுக்கு வயிறு நிறைந்துவிடுமாம். நுஹா சிரிக்காமல், பிசகாமல், ஆறு மூச்சும் ஆழமாக இழுத்தாள். என்னிடம் மூன்று வருடமாக நாலாவது மூச்சில் வாயை எடுத்துவிடுகிறவள்.

வயல்காட்டுப் பெட்டைக்கு மீன் பெயர் யார் சொல்லிக் கொடுத்தது? நான் பேசாலையில், கடற்கரையில் பிறந்தவள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

எரிச்சல். பகல் சோறு பாதியில் மூடி வைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

து. என்னிடம் வந்தாள். "அக்கா, உங்கட பழைய அட்மிஷன் கொப்பியள் ஒருக்காப் பாக்கலாமோ?" எதற்கென்று கேட்டால், சும்மாவாம். கொடுத்தேன். அன்ரி என்று கூப்பிடாததே பெரிய உபகாரம்.

தெரிந்துகொண்டது: அவளுக்கும் சின்ன வயதில் முட்டு. யூனிபோர்ம் பையில் இப்போதும் ஒரு நீலப் பம்ப். அதை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். வருத்தம்கூட அவளுக்கு வாசியாய், லாபமாய்ப் போய்விட்டது. எனக்கு இருப்பது முழங்கால் நோ. அதை யாருக்குக் காட்ட?

ஜனவரி 10, வெள்ளி

எழுதவே வெட்கம்.

து. கொப்பியை விரித்து வைத்தாள். பென்சிலால் மெல்லிய கோடுகள். "அக்கா, நுஹா மூண்டு வருஷத்தில ஒன்பது தரம் வார்ட்டுக்கு வந்திருக்கிறா. அதில எட்டுத் தரம் வெள்ளிக்கிழமை."

எல்லாம் என் கையெழுத்து. திகதி, கிழமை, நேரம், எல்லாம் நானே எழுதியது.

"வியாழன் பின்னேரம் மஃரிப் தொழுகைக்குச் சாம்பிராணி போடுவினமாயிருக்கும். எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை போடுறது. அந்தப் புகை பட்டா நான் சின்னனில விடியவிடிய இழுத்துக்கொண்டு கிடப்பன். அதுதான் யோசிச்சனான்."

அவள் ஸரீனாவுக்குப் போன் எடுத்தாளாம், வேலை செய்யவில்லை. திங்களிலிருந்து அவளுக்குப் பொங்கல் லீவு. பம்ப் அளவு பார்க்க நுஹாவைப் புதன் திரும்ப வரச் சொல்லியிருக்கிறது. "நீங்க ஒருக்காச் சொல்லிவிடுங்கோ அக்கா. போடவே வேண்டாமெண்டு இல்ல, முற்றத்தில வைக்கட்டும், பிள்ளையக் கிட்ட விடாம. உங்களிலதான் அவவுக்கு நம்பிக்கை."

ஓம் என்றேன்.

பணிவாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. என் கொப்பியை வைத்து எனக்கே பாடம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. து. இல்லாத வார்ட் அமைதி. நல்ல அமைதி. ஆனால் மூன்றாம் கட்டில் பெடியன் காலையில் இரண்டு தரம் கேட்டான்: "சுறா மிஸ் எப்ப வருவா?"

ஜனவரி 15, புதன்

கிளினிக். ஸரீனா வந்தாள், வாசலில் வழக்கமான கேள்வி, நான் இருக்கிறேனா என்று. நெஞ்சு குளிர்ந்தது. பம்ப் அளவு சரி. நெஞ்சில் சத்தம் இல்லை. சாம்பிராணி விஷயம் நுனிநாக்கில் நின்றது.

அதற்கு முதல் என் புத்தி போன போக்கு. மாதா மன்னிக்க. ஸரீனா மருந்துத் துண்டோடு வரிசைக்குப் போன நேரம் நுஹாவிடம் கேட்டேன்: "சொல்லுங்கோ பாப்பம், துவாரகா மிஸ்ஸையோ என்னையோ கூடப் பிடிக்கும்?"

பிள்ளை யோசித்தாள். நல்லாக யோசித்தாள். "துவாரகா மிஸ்ஸை. அவவுக்கும் என்னை மாதிரி இழுக்கும்தானே."

ஸரீனா திரும்பி வந்தாள். "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ மிஸ்?"

"இல்லை. எல்லாம் நல்லம். போயிட்டு வாங்கோ."

அவ்வளவுதான் நடந்தது. து.வே வந்து சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நான் என்ன அவளுக்குத் தபால்காரியா?

ஜனவரி 16, வியாழன்

காற்று இன்னும் கூட. சின்னவளின் சப்பாத்து வாங்கியாயிற்று. பின்னேரம் பாங்கு கேட்டபோது தாராபுரம் ஞாபகம் வந்தது. போன் எடுத்துப் பார்த்தேன். வேலை செய்யவில்லை. ஒரு தரம்தான் எடுத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஓட்டோவில் கொண்டு வந்தார்கள். உதடு நீலம். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் வருகிறது. பேச்சு இல்லை. ஒட்சிசன் எண்பத்தாறு. ஸரீனா தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது அவள் முக்காட்டில் சாம்பிராணி மணம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முதல் எனக்கு அந்த மணம்தான் வந்தது.

"நுஹாட வாப்பா கடலுக்குப் போய் நாலு நாள், மிஸ். இந்தக் காத்துக்குள்ள. அதுதான் யாசீன் ஓதி, கொஞ்சம் கூடப் போட்டனான். வாடைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது."

ஒட்சிசன். அடுத்தடுத்து மூன்று நெபுலைஸ். ஊசி. டொக்டர் தீவிர சிகிச்சைக்குச் சொல்லி வைத்தார். நுஹா மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள், மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு மூடினால் பயம். நான் கட்டிலில் ஏறிப் பின்னால் இருந்து, அவளை என் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பாரை, என்றேன். சீலா. விளை. சூடை.

கையை விட்டாள். கீரியில் அவள் உதடு அசைந்தது. எத்தனை தரம் அந்த ஆறு மீனையும் சொன்னேனோ தெரியாது. ஒன்பது மணிக்குத் தொண்ணூற்று நாலு. மேலே அனுப்பத் தேவையில்லை என்றார் டொக்டர்.

பத்து மணிக்கு து. ஊரிலிருந்து நேரே, கையில் பொங்கல் பெட்டியோடு. பார்த்ததும் பெட்டி கட்டிலடியில். "அக்கா, சாம்பிராணி விஷயம் சொன்னனீங்கதானே?"

நான் மாஸ்க் நாடாவைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

ஸரீனா என் முகத்தைப் பார்த்தாள். "சாம்பிராணியோ? மிஸ் சொல்லியிருப்பா. என்ட மண்டையிலதான் ஏறியிருக்காது. அவ சொல்லாம விட மாட்டா."

டொக்டர் அவளைப் பிடித்து ஏசினார், சொன்னால் கேட்கத் தெரியாதா என்று. அவள் தலையைக் குனிந்து அழுதாள். எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

ஜனவரி 18, சனி

நுஹா கஞ்சி குடித்தாள். கதை வந்துவிட்டது. து. சுறாவோடு பக்கத்தில். ஸரீனா கால்மாட்டில். நான் காய்ச்சல் பார்க்கப் போனேன்.

து. நுஹாவிடம் சும்மாதான் கேட்டாள்: "புகைக்குள்ள நிக்கப்படாதெண்டு புதன்கிழமை ஜெசிந்தா மிஸ் சொன்னவ, என்ன?"

"இல்லையே. அவ கேள்விதான் கேட்டவ."

"என்ன கேள்வி?"

"உங்களையோ அவவையோ கூடப் பிடிக்கும் எண்டு."

காய்ச்சல்மானி என் கையில் டிக் டிக் என்று அடித்தது.

சொன்னேன். "சாம்பிராணி விஷயம் இவ சொல்லச் சொன்னவ. நான் சொல்லேல்ல, ஸரீனா. மறக்கேல்ல. சொல்லேல்ல. உங்களில ஒரு பிழையும் இல்ல."

ஸரீனா பிள்ளையின் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். து.வும் ஏசவில்லை, வெளியே போய்த் தன் பம்ப்பை இரண்டு தரம் இழுத்துவிட்டு வந்தாள்.

டொக்டரிடமும் சிஸ்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். எழுதித் தரட்டாம். எழுதினேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை. மாதா கோயிலில் தூபக்கால் ஆட்டியதும் எழும்பி வெளியே வந்துவிட்டேன். வாசலில் நின்று மீதிப் பூசை. சின்னவள் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கும் முட்டோ?"

ஜனவரி 20, திங்கள்

நுஹா வீட்டுக்கு. நான் பின்னேர டியூட்டி, வரும்போது கட்டில் வெறுமை. தகப்பன் கரைக்கு வந்துவிட்டாராம், நல்ல சுகமாக.

ஜனவரி 29, புதன்

காற்று தணிந்துவிட்டது. கிளினிக்கில் கூட்டம் குறைவு. நாடா வாங்க. வீட்டில் அரிசி முடிந்தது.

துவாரகா மருந்து எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள். என் மேசை வெறுமை, முன்னால் ஒரு கதிரை. வாசலில் ஸரீனா, கையைப் பிடித்தபடி நுஹா. முகம் தெளிவு, கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். என்னைக் கண்டதும் சிரித்தாள், நுஹா.

"வாங்கோ ஸரீனா. இருங்கோ. நான் பாக்கிறன்."

ஸரீனா உள்ளே வரவில்லை. குரலில் கோபமும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"துவாரகா மிஸ் இருக்கிறாவோ? இல்லாட்டி பிறகு வாறம்."

"இருக்கிறா" என்றேன். எழும்பி, துவாரகாவைக் கூட்டி வரப் போனேன்.