கிழவனுக்கு வைத்த பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? பிஷ்கெக்கில் எனக்கு ஒரு குறையுமில்லை.

எங்கள் தையல்கூடத்தின் நோருஸ் பண்டிகை நாடகத்தை நான்தான் நடத்துகிறேன். மருமகளாக நடிக்க ஒப்புக்கொண்ட அனார்குல் ஒத்திகைக்கு வருவதே இல்லை. நேற்று எல்லார் முன்னாலும், "வர்றேன்னு சொல்லி ஏமாத்த வெக்கமா இல்லையாடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

"நாடகத்துல மாமனாருக்கு மம்பெத்னு பேரு வெச்சிருக்கீங்களேக்கா, அது அவ சொந்த மாமனார் பேரு. அவ வாயால எப்படிச் சொல்லுவா?" என்றாள் அவள் தோழி.

அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் இப்படிக் கேட்டேன். பெயரை மாற்றிவிட்டேன்; இன்றும் அவள் வரவில்லை.

உலர்தயிர் உருண்டை அனுப்பும்போது இரண்டு பையாகக் கட்டுங்கள். வெறுங்கையோடு அவள் கதவைத் தட்ட எனக்கு முகமில்லை.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

உங்கள் பெரிஸாத்