நரம்பை அறுத்துவிட்டு வந்த பிள்ளை

கடல் கொண்டுபோன என் மாமாவுக்கு,

நம் எழுமலை நேற்று பாருக்குப் போய் வந்தான். டச்சுக்காரன் கப்பல் உடைந்த இடம் என்பார்களே, கடலுக்கடியில் பாறை கிடக்கும் அதே பார். நீ போன இடம். தடுத்தேன், கேட்கவில்லை. உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

ஆனால் உன்னைப்போல அவன் தூண்டில் பிடிப்பதில்லை. வஞ்சிரத்துக்கு விடுவதுபோல நீ தூண்டில் நரம்பை ஓடவிட்டாய். பாறைக்குள் புகுந்த களவா மீனை இழுக்க அதைக் கையில் சுற்றினாய். நீ கரை ஒதுங்கியபோதும் அது கையிலேயே இருந்தது. அறுத்திருக்கலாமே, மாமா? 'நரம்ப அறுத்தவன் பொடவ கட்டிக்கணும்' என்ற கரைப் பேச்சுக்கா பயந்தாய்?

இவன் உள்ளங்கையில் சைக்கிள் டியூப் மாட்டிக்கொள்கிறான். சுற்றுவதே கிடையாது. மீன் கடித்ததும் ஒரு சாண்கூட விடாமல் இழுக்கிறான். அவன் மச்சான் கன்னியப்பன் உடனே படகைப் பாரைவிட்டு விலக்குகிறான். அப்படியும் பொந்துக்குள் புகுந்தால், நரம்பைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். இழுப்பு நின்றதும் மீன் தானாக வெளியே வரும். அப்போது ஒரே மூச்சாக மேலே! முன்பு ஒருமுறை அப்படித்தான் என் இடுப்புயரக் களவா வந்தது.

நேற்றுக் கடித்தது அதைவிடப் பெரிது. பொந்திலிருந்து வெளியே வந்தது, சட்டென்று படகுக்கடியில் பாய்ந்துவிட்டது. டியூப் கிழிந்து, எழுமலை படகு விளிம்பில் சாய்ந்துவிட்டான். "அறுடா மச்சான்!" என்று கன்னியப்பன் கத்த, அறுத்துவிட்டான்.

கரையில் உன் கூட்டாளி காத்தவராயன் சிரித்தார். "இன்னாடா எழுமல, அறுத்துட்டு வந்துட்டியா? பொடவ எடுத்தாரட்டா?"

பிள்ளை தலை குனிந்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"எடுத்துனு வாண்ணே. வெள்ளப் பொடவயா எடுத்துனு வா. எனக்கு ஒருத்தரு குடுத்துட்டுப் போய்ட்டாரு. என் மருமவளுக்கும் ஒண்ணு கட்டிப் பாக்கணுமா?"

காத்தவராயன் இறங்கி வந்து படகை இழுக்கத் தோள் கொடுத்தார்.

நாளைக்கு மறுபடியும் போகிறான். போகட்டும். 'அப்பா எங்கே' என்று எழுமலை கேட்டபோதெல்லாம் கடலைக் காட்டியே வளர்த்தேன். நீ பார்க்காத உன் பேத்திக்கு அப்படிக் காட்டமாட்டேன். கத்தியை நானே தீட்டி அவன் இடுப்பில் செருகி அனுப்புவேன். மீனோடு வந்தாலும், வெறுங்கையோடு வந்தாலும், அவன் தலை நிமிர்ந்து கரையேறுவான். உன்மேல் சத்தியம்.

உன் பேத்திக்கு ஆயா,
உனக்கு என்றைக்கும் பொண்டாட்டி,
செல்லம்மாள்
லைட்ஹவுஸ் குப்பம்