கப்பல் பார்க்காத தேதி

ஜூலை 1, செவ்வாய்

கல்லூரிப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். நான்கு கல்லூரிகளையும் சேர்த்து இனி ஒரே பல்கலைக்கழகம். பலகை போகட்டும். கடைசி செமஸ்டர் தேர்வு பதினான்காம் தேதியாம்! கப்பல் அட்டவணை பார்த்தீர்களா என்று தேர்வு அதிகாரி ரவிசங்கரிடம் கேட்டேன். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை அவருக்கு.

“தேர்வுக்கும் கப்பலுக்கும் என்ன மேடம்?”

என்னவா? விடுமுறைக்குச் சொந்தத் தீவுகளுக்குப் போன பிள்ளைகள் எதில் திரும்புவார்கள்? அட்டவணை கைக்கு வந்த பிறகுதான் நாங்கள் தேதியே குறிப்போம்.

ஜூலை 11, வெள்ளி

தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்ப்பெல் பேயிலிருந்து என் மாணவி கவிப்ரியா போன் செய்தாள்.

“கடல் சரியில்ல மேடம். ஜஹாஜ் பந்த், கப்பல் கிடையாதுன்னுட்டாங்க. ஹெலிகாப்டர்ல நோயாளிங்களுக்குத்தான் சீட்டாம். நான் எப்படி வர்றது?”

இந்த ஒரு பேப்பர் போனால் பி.எட். இடமும் போய்விடும். வகுப்பில் முதலாவதாக வருகிறவள்.

ஜூலை 14, திங்கள்

அவள் நாற்காலி காலி. வராதவர் பட்டியலில், காரணம் என்ற இடத்தில் ‘கப்பல் வரவில்லை’ என்று எழுதினேன். ரவிசங்கர் அதை அடித்துவிட்டார். இதெல்லாம் ஒரு காரணமா, அடுத்த வருஷம் எழுதட்டும் என்கிறார். பொண்ணு என்ன, நீந்தியா வரணும்?

ஜூலை 15

சோறு இறங்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்னொரு தீவில், ஹட் பேயில் இருக்கும் வளாகத்தைப் பார்வையிடப் போன ரவிசங்கர் அங்கேயே மாட்டிக்கொண்டார். திரும்பும் கப்பல் ரத்து. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தின் முதல் விழா, பொறுப்பு முழுக்க அவர் தலையில். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

ஜூலை 21, திங்கள்

சுற்றறிக்கை வந்தது: ‘கப்பல் வராத காரணத்தால் விழா ஒத்திவைக்கப்படுகிறது.’

ஓகோ. மாலைக்கும் பொன்னாடைக்கும் அது காரணம். ஒரு பெண்ணின் வருஷத்துக்கு மட்டும் காரணமில்லை. மறுதேர்வு கேட்டுக் கவிப்ரியா அனுப்பியிருந்த மனுவோடு அந்தச் சுற்றறிக்கையையும் சேர்த்துத் துணைவேந்தர் மேஜையில் வைத்தேன். இரண்டையும் படித்துவிட்டு, மனுவின் ஓரத்தில் ‘தனித் தேர்வு நடத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவ்வளவு பெரிய கூடத்தில் கவிப்ரியா ஒருத்தி மட்டும் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். நான்தான் கண்காணிப்பு. மூன்று முறை கூடுதல் தாள் கேட்டாள்.

மாலையில் ரவிசங்கர் போன் செய்தார். வருத்தம், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

“மேடம், அடுத்த செமஸ்டருக்குத் தேதி போடணும். கப்பல் அட்டவணை எப்ப வரும்?”