நம்மளை யாரும் கேக்காத சண்டை

என்னைப் பெத்த அய்யனுக்கு,

நீங்க தாராபுரத்து ரோட்டுல லாரி ஏறிப் போனப்ப எனக்கு அஞ்சு வயசு. இப்ப எம்பது தாண்டி எத்தனையோ ஆச்சு. பல்லு பூராப் போயிருச்சு, கோவம் மட்டும் அப்படியே கெடக்குது. இருக்கிற எடத்துல நல்லா இருங்கன்னு எழுதத்தான் ஆசை. ஆனா இன்னைக்கு உங்ககிட்டச் சண்டை போடத்தான் உக்காந்திருக்கறேன்.

சேதி இதுதானுங்க. அமெரிக்காவுல இருக்கற என் பேத்தியோட மக மதி, அங்கயே பொறந்து வளந்தவ, பத்தொம்பது வயசு. அந்த நாட்டுப் பட்டாளத்துல சேரப் போறாளாம். வர்ற திங்கக்கிழமை கையெழுத்து. நேத்துக் காலையில போன்ல மொகத்தைக் காட்டி, "அம்மிச்சி, ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னா.

எனக்குப் பெருமையா இருக்கும்னு அவ நெனச்சுக்கிட்டா போல. "உங்க அய்யனும் எங்க பக்கம் நின்னு சண்டை போட்டவருதானே அம்மிச்சி"ன்னா.

"எங்க பக்கம்னா எந்தப் பக்கம் கண்ணு?"

"அமெரிக்கா பக்கம்."

பள்ளிக்கூடத்துல படிச்ச கதையை எடுத்து உட்டா. உலகமே அடிச்சுக்கிட்டப்ப அவங்க நாடு மட்டும் வேண்டாம்னு ஒதுங்கி நின்னுச்சாம். முன்னால ஒரு சண்டைக்குப் பிள்ளைகளை வாரிக் குடுத்த கசப்பாம். இன்னொருத்தன் சண்டையில எம் பையன் எதுக்குச் சாகோணும்னு ஊரூருக்குக் கூட்டம் போட்டாங்களாம், பேப்பர்ல எழுதினாங்களாம், பெத்தவளுக வீதியில வந்து நின்னாங்களாம். ரண்டு வருசத்துக்கு மேல இதே வாக்குவாதமாம். அப்புறம் ஜப்பான்காரன் வந்து அவங்க கப்பலுகளைக் குண்டு போட்டுக் கவுத்துப்போட்டானாம். மக்யா நாளே, விடிஞ்சதும், மொத்த நாடும் எந்திரிச்சிருச்சாம்.

"அப்ப எங்களை எப்பக் கேட்டாங்க?"ன்னேன்.

"கேக்கலை அம்மிச்சி. உங்களை ஆண்ட வெள்ளக்காரன் ரேடியோவுல சொன்னான். அவ்வளவுதான்." சொல்லிப்போட்டு அவளுக்கே சங்கடமாப் போச்சு.

அவங்களுக்கு ரண்டு வருசம். நம்மளுக்கு ரண்டு நிமிசம் குடுத்தாங்களா?

எனக்கு ஒண்ணும் மறக்கல. பண்ணாடி நம்ம சனம் குடியிருந்த வளவுக்கு வந்து நின்னாரு. அவரு தோட்டத்துலதான் உங்க தாத்தன் காலத்துல இருந்து பண்ணையத்துக்கு இருந்தோம். "ஊருக்கு நாலு ஆளு பட்டாளத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. நீ போயிட்டு வாடா"ன்னாரு. அவருக்கும் எளந்தாரியா மூணு பசங்க இருந்தாங்கல்ல? "வெள்ளக்காரன் சண்டை நம்ம பசங்களுக்கு எதுக்கு, ஒதுங்கியே இருக்கட்டும்"னு கூட வந்தவர்கிட்ட நம்ம வாசல்லயே நின்னு சொன்னாரு. ஒதுங்கி நிக்கறதுக்கும் சொந்தமா நெலம் வேணும் போல இருக்குதுங்க.

நீங்க துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "சரிங்க பண்ணாடி"ன்னீங்க.

ஜப்பான்காரனை உங்களுக்குத் தெரியுமா? நம்மளுக்குக் கப்பல் இருந்துச்சா, அவன் வந்து கவுக்கறதுக்கு? மம்பட்டி புடிச்ச கைக்கு மம்பட்டியே குடுத்து, பர்மா மலையில அமெரிக்காக்காரன் லாரி போறதுக்கு ரோடு வெட்ட உட்டாங்க. நீங்க சண்டை போட்டீங்கன்னு மதி சொல்றா. மண்ணுதான வெட்டுனீங்க?

இன்னொண்ணுக்கு நான் உங்களை இன்னும் மன்னிக்கலைங்க. பட்டாளத்துல பேரெழுதறப்ப விலாசம் கேட்டதுக்குப் பண்ணாடி ஊட்டைச் சொல்லிப்போட்டீங்க. அதுதான் மருவாதின்னு நெனச்சீங்களா? தபால்காரர் நம்ம வளவுக்குள்ள கால் வெக்க மாட்டாரு, நம்மாளுக எல்லாருமே அப்படித்தான் குடுத்தாங்க, தெரியும். ஆனா உங்களைக் காணோம்னு வந்த காயிதம் பண்ணாடி ஊட்டுப் பொட்டிக்குள்ள போயிப் படுத்துக்கிச்சு. ரண்டு வெள்ளாமை எடுக்கற வரைக்கும் அவரு வாயைத் தொறக்கல. சொன்னா அம்மா அழுதுக்கிட்டு வேலைக்கு வராம உக்காந்துக்குவாளாம்.

உங்களோட மண்ணு வெட்டுன சத்தியமங்கலத்துக்காரர் ஒருத்தர் நம்மளை வெசாரிச்சுக்கிட்டு வந்து, மலை சரிஞ்சு நீங்க மண்ணுக்குள்ள போன கதையைச் சொன்னப்பத்தான் அம்மாளுக்கே தெரிஞ்சுது. அது வரைக்கும் கழுத்துல தாலியோட அவரு சோளத்தை அறுத்துக்கிட்டு இருந்தா.

பண்ணாடி செத்தப்ப ஊரே போச்சு. நான் போகல. அவரு பேரன் ஆர்.எஸ்.புரத்துல என்னைக் கண்டா வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களாம்மா"ன்னு கும்புடறான். நல்ல பையன்தான். நான் திருப்பிக் கும்புடறதில்லீங்க.

இத்தனையும் மதிகிட்டச் சொன்னேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அப்புறம், "உங்க அய்யனைத் தள்ளி உட்டாங்க அம்மிச்சி. என்னை யாரும் தள்ளல. நானாத்தான் போறேன். இப்ப அந்த மாதிரிச் சண்டையும் இல்ல"ன்னா.

"இல்லாத சண்டைக்குத் துப்பாக்கி எதுக்கு அம்மணி?"

சிரிச்சுப்போட்டா. அவ அம்மா, என் பேத்தி, பின்னால நின்னுக்கிட்டு எனக்குச் சாடை காட்டறா, வேண்டாம்னு நீங்க சொல்லுங்கன்னு. அப்புறமாத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன். "பெத்தவ நீயி, நீ சொல்றதுக்கென்ன?" பிள்ளை மனசு நோகுமாம். அந்த ஊர்ல அப்படியெல்லாம் சொல்லக் கூடாதாம்.

அதைக் கேட்டதும் அம்மா வந்து முன்னால நின்ன மாதிரி இருந்துச்சுங்க. நீங்க லாரி ஏறுறப்ப, பண்ணாடி இருக்கறாரேன்னு சீலைத் தலைப்பை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டா. சாகற வரைக்கும் ஒண்ணையே சொன்னா. "போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாராள்."

சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா? மாட்டீங்க. ஆனா ஒருக்காத் திரும்பியாவது பாத்திருப்பீங்கல்ல?

ஞாயித்துக்கிழமை மதி மறுபடி கூப்புடுவா. மொகத்துக்கு நேரா, "வேண்டாம் கண்ணு, போகாத"ன்னு சொல்லுவேன். நைசாப் பேசியும் இல்ல, அழுது காட்டியும் இல்ல, பக்கத்து ஊட்டுக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுவேன். கேக்கறதும் கேக்காததும் அவ இஷ்டம், வயசு வந்த பொண்ணு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். ஆனா வேண்டாம்ங்கற ஒரு சொல்லைக் காதுல வாங்காம, நம்மூட்டுல இருந்து இன்னொரு உசுரு பட்டாளத்துக்குப் போகாது. இது நான் உங்களுக்குக் குடுக்கற வாக்குங்கய்யா.

அன்னைக்கு லாரிக்குப் பக்கத்துல வாயில்லாம நின்ன உங்க மக,
மாராள்