பாலத்தில் நின்ற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் டூவீலர் மறுபடி நின்றுவிட்டது. அதே பாலம், அதே நடுப்பகுதி. பின்னால் வந்த லாரி பிரேக் அடித்ததில் டயர் கருகிய நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை என்கிறாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும். ஓரம் ஒதுங்க அங்கே ஒரு முழம் இடம் கிடையாது.

பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனதாம், இங்கே ஓட்டிக்கொண்டே வந்தாள். சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். முனகியது. பட்டறைக்கு வந்தால் மட்டும் சமர்த்துப் பிள்ளை.

போன வாரம்தான் புது பம்ப் போட்டேன். பழையதை என்ன குற்றத்துக்காகக் கழற்றினேன்? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

ரிலே மாற்றினேன். ஃபியூஸ் மாற்றினேன். பம்ப்புக்குப் போகும் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட் காட்டுகிறது. கரண்ட் ஒழுங்காகத்தான் வருகிறது.

அத்தான் தன் மூலையிலிருந்து, "ஒரு பல்ப மாட்டி லோடு குடுத்துப் பாத்தியா?" என்று கேட்டார். பட்டறையில் எஞ்சின் வேலை எனக்கு, வயரிங் அக்கா வீட்டுக்காரரான அவருக்கு. ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. ஆனால் அக்கா வண்டி என்றால் மட்டும் முழுக்க நான்தான் பார்ப்பேன் என்று எனக்கு ஒரு வீம்பு.

பார்த்தாயிற்று என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று அதே பாலத்தில் வண்டி நின்று, அக்கா விழுந்தே விட்டாள். முழங்கையில் நான்கு தையல். பின்னால் வந்த வேன் ஒடித்துத் திரும்பியதால் பிழைத்தாள். திரும்பாமல் இருந்திருந்தால் — வேண்டாம், எழுதமாட்டேன்.

மார்ச் 8, சனி

கையில் கட்டோடு வந்து நின்று, "என்னதான்டா கோளாறு?" என்று அக்கா கேட்டாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இருந்தார். டீக்கடைக்காரர் காலி கிளாஸ் எடுக்க வந்திருந்தார். கஸ்டமர் இரண்டு பேர். அத்தனை பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போன வருஷம் உன் வீட்டுக்காரர் கூடுதல் லைட்டுக்கு வயர் இழுத்தாரே, அந்த ஜாயிண்ட்தான்" என்றேன். அதோடு விட்டேனா? "அவர் போட்ட முடிச்சு உன்னக் கொல்லப் பாத்துச்சு."

அத்தான் எழுந்து வந்தார். சீட்டைக் கழற்றி, டேப்பைப் பிரித்து, ஜாயிண்ட்டைக் காட்டினார். ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, நேற்றுச் செய்தது போல இருந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே எப்படியோ யார் கண்டார் என்று அதற்கும் ஒரு பேச்சுப் பேசினேன். ஏன்டா பேசினே? வண்டிக்காவது கரண்ட்டை நிறுத்த ஒரு ரிலே இருக்கிறது. இந்த வாய்க்கு அதுவும் இல்லை.

அக்கா அவரைப் பார்த்து, "இனிமே என் வண்டியத் தொடாதீங்க" என்றாள். வண்டியை என்னிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனாள்.

மார்ச் 10, திங்கள்

அத்தான் வரவில்லை. அவர் மூலை துடைத்து வைத்தது போல இருக்கிறது. நேற்று லீவு நாளில் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ ஷெட்டில் வேலைக்கு நிற்கிறாராம். ஸ்பேர் பார்ட்ஸ்காரர் இப்போது அவருக்கு 'முடிச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார். ஊரெல்லாம் அதுதான் பேச்சு. சிரித்துக்கொண்டே என்னிடமும் சொன்னார். நானும் சிரித்தேன்.

மார்ச் 12, புதன்

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைசியில் அவர் சொன்னதைச் செய்தேன். பம்ப் இருக்கும் இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டினேன். மாட்டுவதற்கு முன் மீட்டரில் பன்னிரண்டரை. பல்பை மாட்டியதும் நாலு. செத்த மஞ்சளாக மினுங்கியது. வயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், பம்ப்புக்குப் போதாது. இதைத்தான் கேட்டார்.

வயரை விரலால் அழுத்திக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில் ஓரிடத்தில் வளைத்தபோது பல்பு அணைந்தது. அத்தானின் ஜாயிண்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தோலைச் சீவினேன். செம்பு இல்லை, பச்சைப் பொடி. பொடிக்கு நேர் மேலே ஒரு ஓட்டை, சின்னதாக, வட்டமாக.

ஊசி ஓட்டை.

இந்தப் பட்டறையில் வயரை ஊசியால் குத்திக் கரண்ட் பார்க்கிறவன் ஒருத்தன்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அக்கா அவசரமாகக் கொண்டு வந்தாள். கப்ளர் வரைக்கும் கழற்ற அரை மணி நேரம், ஊசி என்றால் அரை நிமிடம். குத்தினேன். மேலே ஒரு சுற்று டேப் கூடச் சுற்றவில்லை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, இத்தனை மாதம் உள்ளேயே தின்றிருக்கிறது. "வயரும் தோலு மாதிரிதான், குத்தினா சீழ் வைக்கும்" என்று அத்தான் நூறு தடவை சொல்லியிருப்பார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மார்ச் 13, வியாழன்

கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் போட்டேன். பல்பு வெள்ளையாக எரிகிறது. பாலத்தில் பதினாறு முறை போய் வந்தேன், வண்டி நிற்கவில்லை.

யாருக்கும் தெரியாது. துண்டு மட்டும் மேசை டிராயரில் கிடக்கிறது. அதை ஏன் எடுத்து வைத்தேன்?

மார்ச் 14, வெள்ளி

அக்கா வண்டியை எடுக்க வந்தாள். வயர் மாற்றினேன் என்றேன்.

"அப்ப அவரு வயர்தானா?"

"ம்."

ஒரு எழுத்து. அதற்குமேல் நான் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. வீட்டில் அவரோடு பேசுவதில்லை என்று மட்டும் ஹெல்மெட் மாட்டும்போது சொன்னாள்.

மார்ச் 15, சனி

சோறு இறங்கவில்லை. என் மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில், அவர் வாசல் அறையில், நடுவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வயர்த் துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நான் குத்திய ஊசி, என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தாள். நாள் முழுக்க ஊசி போடுகிறவள், யாரும் விளக்க வேண்டியதில்லை. என் முழங்கைக்கு நீதான் காரணமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழம 'ம்'னு சொன்னியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தான் டிவியை அணைத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "என் ஜாயிண்ட் எப்படின்னு எனக்குத் தெரியும், அத நீ வந்து சொல்ல வேண்டியதில்ல. நாலு பேரு முன்னாடி பேசினல்ல, அந்த நாலு பேருகிட்ட போய்ச் சொல்லு."

மார்ச் 19, புதன்

பேச்சு பரவி நாலு பேர் பதினொரு பேர் ஆகியிருந்தார்கள். எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். கஸ்டமர் ஒருத்தர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்பேர் பார்ட்ஸ்காரர் இனி 'ஊசி' என்று என்னைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். கூப்பிடட்டும்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா ஆயில் மாற்ற வந்தாள். ஆயிலைப் பற்றி மட்டும் பேசினாள். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வயரிங் வேலை வந்தால் இப்போதெல்லாம் அத்தானின் ஷெட்டுக்குத்தான் அனுப்புகிறேன். இதுவரை மூன்று வண்டி. சரியாகித் திரும்பி வரும், கூட ஒரு வார்த்தை வராது.

நேற்று பார்சல்காரர் வண்டி, பம்ப் ஓடவில்லை. வயராகத்தான் இருக்கும் என்று நினைத்து அங்கே அனுப்பினேன். இன்று பத்து மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. அத்தான். வண்டி ஓடாதில்லையா, மார்க்கெட்டைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர், இந்த வெயிலில், அவரே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

"வயர்ல ஒண்ணுமில்ல மாப்ளே. பம்ப்தான் போச்சு."

தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டே போல்ட்டுகளைக் கழற்றினேன். டேங்க் நிறைய பெட்ரோல், ஒரு ஆளாகத் தூக்க முடியாது. கேட்கலாமா என்று தயங்கி நின்றேன். அதற்குள் அவர் மறுபக்கம் வந்து பிடித்துக்கொண்டார்.