கிளாவ் பெயரில் ஒரு நெருப்புத் தட்டு

அன்புள்ள கிளாவ்,

உன் அம்மா எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

தவக்காலத்து முதல் ஞாயிறன்று வழக்கம்போல் நெருப்புத் தட்டு எறிந்தோம். நீங்கள் எல்லோரும் சூரிச்சுக்கு வேலைக்குப் போய்விட்டதால் குன்றின் மேல் எறிவதற்கு இரண்டு சின்னப் பையன்கள்தான் இருந்தார்கள். முன்பெல்லாம் மரத்தட்டு தணலாகப் பறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரைக் கூவுவீர்கள். உன் கடைசித் தட்டு எப்போதும் எனக்குத்தான். பள்ளத்தாக்கு முழுக்க என் பெயர் கேட்கும். நான் சால்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வேன்.

இந்த முறை தட்டுகள் மிஞ்சிவிட்டன. ஜியெரி மாமா தணல் தட்டு செருகிய குச்சியை என்னிடம் நீட்டினார்.

"எறி புள்ள. பொண்ணுங்க எறியக் கூடாதுன்னு சொல்ல இப்ப இங்க யாரு இருக்கா?"

"இவளா? வாயே திறக்க மாட்டா, இவ எங்க கூவப்போறா!" என்று பையன்கள் சிரித்தார்கள்.

எறிந்தேன். உன் பெயரைக் கூவினேன். அந்தச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

பெயர் வந்த வீட்டில்தானே எல்லோருக்கும் பலகாரம்? நாங்கள் இறங்கி வருவதற்குள் உன் அம்மா வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

"எம் மவனைக் கூப்பிட்டவ யாருடி?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். முதல் பலகாரத்தை என் கையில் வைத்தார். நீ இப்போது போனில் நம் ரோமான்ஷ் மொழி பேசவே தடுமாறுகிறாயாம். அதைச் சொல்லி மூக்கைச் சிந்தினார். பிறகு, "ஈஸ்டருக்கு வருவானான்னு நீயே கேளு" என்றார்.

கேட்கிறேன். வருவாயா? அவருக்காக மட்டும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மேல்வீட்டுப் பெண்